அருவிக்கரைப் பூச்சாண்டி

தென்காசியில் முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்தும் குற்றாலத்து அருவியில் ஒரு தடவைகூடத் தலையை நனைக்காதவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. அருவி மூன்று மைல் தூரத்தில் இருக்கிறது. மதுரையிலிருந்தும் மதராஸிலிருந்தும் ஜனங்கள் ரயிலேறி வந்து, வாடகைக்கு வீடு பிடித்து, மாதக்கணக்கில் தங்கிக் குளித்துவிட்டுப் போனார்கள். நானோ நல்ல சாரல் காலத்திலும் வீட்டுப் புறவாசலில் அண்டாவில் வெந்நீர் போட்டுக் குளிப்பேன். யாராவது கேட்டால் பீனிசம் என்பேன். தலையில் நீர் கோத்துக்கொள்ளும் என்பேன். ஜாதகத்தில் ஜலத்தால் கண்டம் என்றுகூட ஒருவரிடம் சொல்லிவைத்தேன். எனக்கு ஜாதகமே எழுதவில்லை. உண்மையான காரணம் பயம்தான்.

எனக்கு டிராயிங் மாஸ்டர் உத்தியோகம். பானையும் வாழைப்பழமும் வரையச் சொல்லிக்கொடுப்பது வேலை. கண்ணை வைத்துப் பிழைக்கிறவன் என்பதாலோ என்னவோ, பயமும் எனக்குக் கண் வழியாகவே வந்தது. பேய்க்கதை எவ்வளவு சொன்னாலும் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்பேன். பார்த்தால்தான் போச்சு. கயிற்றைப் பாம்பென்று நினைத்துக் குதித்தவனை வைத்துப் பெரியவர்கள் வேதாந்தம் பேசுவார்கள். நான் கயிற்றுக்குக் குதித்திருக்கிறேன். கொடியிலிருந்து நழுவி விழுந்த வேட்டிக் கரைக்குக் குதித்திருக்கிறேன். பாம்புப் படம் போட்ட பக்கம் வந்தால், விரல் படாமல் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு நல்ல வெளிச்சத்திலும் அப்படித்தான்.

சீசனுக்கு வந்திருந்த ஒரு டாக்டரிடம் பின்னாளில் இதைப் பற்றிக் கேட்டேன். கண் பார்த்ததை மூளை நிதானமாகப் படித்து, இது கயிறு, இது வேட்டி என்று முடிவு சொல்லக் கொஞ்ச நேரம் ஆகுமாம். அதற்குள் மூளையிலேயே வேறொரு மூலை முந்திக்கொண்டு காலுக்குத் தந்தி அடித்துவிடுமாம். தனக்கே அது முழுசாகப் புரியவில்லை என்றும் அவர் ஒப்புக்கொண்டார். எனக்கு அந்தத் தந்தியாபீசுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது போலிருக்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள் வீரகேரளம்புதூர்க்காரி. ஆற்றங்கரையில் பிறந்து, நடக்கும் முன்பே நீந்தினவள் என்று அவள் வீட்டார் பெண் பார்க்கப் போனபோதே சொன்னார்கள். அதை ஒரு லட்சணமாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேனே தவிர, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமான முதல் ஆனி மாதம் வில்வண்டி பிடித்து அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். பேரருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் போனவள் போனவள்தான். நான் ஆண்கள் நிற்க வேண்டிய எல்லையில் இரண்டு துண்டையும் மாற்றுச் சேலையையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து, உதடு நீலம் பூத்து, சிரித்துக்கொண்டே வந்தாள்.

"நீங்க குளிக்கலியா?"

"பீனிசம்."

"கலியாணத்துக்கு முந்தி ஒருத்தரும் சொல்லலியே" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

குற்றாலத்தில் ஒரு சங்கடம் உண்டு. கீழே வெயிலடிக்கும். மேலே மலையில் மழை கொட்டும். அந்தத் தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது. திடீரென்று செம்மண் நிறத்தில் பெருகி விழும்போது அடியில் நிற்கிறவர்களை இழுத்துக்கொண்டு போய்விடும். சில வருஷங்களில் உயிர்போனதும் உண்டு. அதனால் மற்றவர்கள் தண்ணீர் விழுகிற இடத்தைப் பார்த்தால், நான் அது கிளம்புகிற உச்சியைப் பார்ப்பேன். அவள் குளித்து முடிக்கும் வரை கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் இவள் அந்தத் தண்ணீருக்குள் போய்த் திரும்பி வரமாட்டாள் என்ற எண்ணம் வருஷா வருஷம் ஆனி பிறந்ததும் எனக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். "வெள்ளம் வந்தா எனக்குத் தெரியாதா, நான் ஆத்துல வளந்தவ" என்பாள். ஆறு படுத்துக்கிடக்கிற தண்ணீர், இது நிற்கிற தண்ணீர் என்று நான் வாதாடுவேன். எடுபடாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு வைகாசியில், அருவிக்கரையை மேற்பார்க்கிற ஓவர்சியர் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பருத்த மனிதர். பெருமூச்சு விட்டுக்கொண்டேதான் பேசுவார்.

"எழுத்துல போர்டு வச்சு ஒரு பிரயோசனமும் இல்ல, வே. படிக்கத் தெரியாதவன் படிக்க மாட்டான். படிக்கத் தெரிஞ்சவன் மதிக்க மாட்டான். நீரு ஒரு படம் போட்டுத் தாரும். பாத்த ஒடனே ஆளு நடுங்கணும். தண்ணி செவந்தா ஓடணும்னு அவனுக்குத் தெரியணும்."

ஒருவனை நடுங்க வைக்கத் தென்காசியிலேயே தகுந்த ஆள் நான்தான் என்று எனக்குத் தோன்றியது. நடுக்கத்தைப் பற்றி என்னைவிட அனுபவம் யாருக்கு இருக்கிறது? மேலும், படம் என்னவோ ஊருக்குத்தான். ஆனால் அதைப் பார்த்து ஒருத்தி பயந்தால் போதும் என்பதுதான் என் உள்நோக்கம். அதை ஓவர்சியரிடம் சொல்லவில்லை.

நேரே விசுவநாதர் கோயிலுக்குப் போனேன். கோபுரம் எப்போதோ இடிந்து மொட்டையாக இருந்தது. ஆனால் முன் மண்டபத்தில் ஆளுயரச் சிலைகள் நின்றன. வீரபத்திரர் சிலைக்கு முன்னால் நாலு நாள் உட்கார்ந்து கோரைப்பல், பிதுங்கிய கண், முறுக்கு மீசை எல்லாம் காப்பி எடுத்தேன். பிறகு ஒரு பெரிய தகரத்தில் பெயிண்டால் எழுதினேன். செந்நிற வெள்ளம். அதற்குள்ளிருந்து எழும்புகிற ஒரு பயங்கர முகம். ஆட்களைப் பிடித்து இழுக்க நீண்டு வரும் இரண்டு கை. காய்வதற்காகப் புறவாசல் சுவரில் சாய்த்து வைத்தேன்.

மறுநாள் விடிகாலை செம்பை எடுத்துக்கொண்டு புறவாசல் கதவைத் திறந்தவன், செம்பைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் வந்துதான் நின்றேன். கால் ஓடி முடித்த பிறகுதான், அது நான் எழுதின படம் என்று புத்தி வந்து சொன்னது. எனக்கு வெட்கமாக இல்லை, ஆனந்தமாக இருந்தது. எழுதினவனையே விரட்டுகிற படம் மற்றவர்களை என்ன பாடு படுத்தும். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். "நல்லா லட்சணமா இருக்கு" என்றாள். "மீசைக்கு இன்னும் கொஞ்சம் மை வச்சிருக்கலாம்."

ரசனை இல்லாதவள் என்று முடிவுகட்டினேன்.

பலகையை அருவிக்குப் போகிற வழியில், தண்ணீர் ஓரமாகக் கம்பம் நட்டு மாட்டினார்கள். பதினைந்து நாள் கழித்து, ஜனங்கள் நடுங்குகிற காட்சியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று போனேன். பலகைக்கு முன்னால் கூட்டமாகத்தான் இருந்தது. கிட்டப் போனால், என் பூச்சாண்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. கழுத்தில் செவ்வரளி மாலை. காலடியில், அதாவது கம்பத்தடியில், உடைத்த தேங்காய். ஒரு அம்மாள் கைக்குழந்தையைப் பலகைக்கு எதிரே தூக்கிப் பிடித்துத் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள்.

அங்கே குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர் உண்டு. பூசாரி வேலையையும் அவரே ஏற்றிருந்தார். என்னைக் கண்டதும் எண்ணெய்க் கையோடு கும்பிட்டார்.

"வாங்க வாத்தியாரய்யா. சாமி எழுதுன கையில்லா. வெள்ளத்துல போறவனைக் கைய நீட்டித் தூக்கி விடுதாரு பாருங்க, எனக்குப் பாத்த ஒடனே மேலு சிலுத்துட்டு. இப்பல்லாம் தண்ணி கொஞ்சம் செவந்தாலும் யாரும் ஓடுறதில்ல. கும்பிட்டுட்டு எறங்கிருதாக. அவரு பாத்துக்கிடுவாரு."

எனக்குத்தான் மேல் சிலிர்த்தது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்று மற்றவர்கள் கதை சொல்வார்கள். நான் குரங்கு பிடிக்கப்போய்ப் பிள்ளையாராய் முடித்திருந்தேன். அதுவரை தண்ணீர் நிறம் மாறினால் ஒதுங்கினவர்களும் என் தயவால் இப்போது தைரியமாக நின்று குளித்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். இந்தச் சீமையில் பிறந்தவனுக்கு இதுகூடத் தெரிய வேண்டாமா? ஊர் எல்லையில் நிற்கிற மாடசாமிக்குக் கண் எவ்வளவு பிதுங்கியிருக்கிறதோ அவ்வளவு நிம்மதியாக நாம் தூங்குகிறோம். கோரைப்பல் நமக்காக இல்லை, நம்மிடம் வருகிறவனுக்காக. நம் பக்கத்து ஆளுடைய கோபத்தைப் பார்த்து நாம் எதற்காகப் பயப்பட வேண்டும்? படம் ஒன்றுதான். விடிகாலையில் எதிர்பாராமல் கண்டவனுக்கு அது பூதம். பட்டப்பகலில் கூட்டத்தோடு பார்த்தவனுக்குச் சாமி. மூளை முகத்தை மட்டும் பார்ப்பதில்லை, அது யார் பக்கம் என்றும் பார்த்துவிடுகிறது. இத்தனை ஞானமும் எனக்குப் பெயிண்ட் காய்ந்த பிறகுதான் வந்தது.

"நான் ஆளை வெரட்டச் சொன்னா, நீரு கோயில் கட்டிக் குடுத்திருக்கீரு" என்றார் ஓவர்சியர். கழற்றலாம் என்றால் கழற்ற எந்தக் கூலியாளும் கை வைக்க மாட்டேன் என்றான். அவரும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பலகை எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன். இந்தத் தடவை சாமி சம்பந்தமே இருக்கக் கூடாது என்று, ஆஸ்பத்திரி விஷ அலமாரியில் ஒட்டியிருந்த மண்டையோட்டையும் குறுக்கு எலும்பையும் பார்த்துப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அதை மாட்டின நாலாம் நாள் ஆய்க்குடியிலிருந்து ஒரு குடும்பம் அஸ்திக் கலயத்தோடு வந்து, சரியாக அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்தது. எலும்பும் மண்டையும் போட்டிருக்கிறதே, கரைக்க வேண்டிய இடம் இதுதானே என்றார்களாம். ஒரு வாரத்தில் பலபேர் அங்கே கரைக்க ஆரம்பித்துவிட்டார்கள். குளிக்கிறவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்தப் பலகையை ஓவர்சியரே பிடுங்கி எறிந்தார். என்னிடம் அவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அந்த ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கக் கிளம்பினாள். நல்ல வெயில். அருவிக்கரையில் என் பலகைக்கு முன்னால் நின்று, கையைக் குவித்துக் கும்பிட்டு, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"ஒங்க சாமிகிட்ட சொல்லிட்டேன். இனி நீங்க நிம்மதியா இருங்க."

கேலிதான். ஆனால் கும்பிட்டதில் பாதி நிஜம் என்று எனக்குத் தெரியும். நான் எழுதின கோரைப்பல்லை நம்பி என் பெண்டாட்டியே தண்ணீருக்குள் இறங்குகிறாள். துண்டை அணைத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் நின்று மேலே பார்த்தேன்.

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. முதலில் உச்சியிலிருந்து சில இலைகளும் சுள்ளிகளும் விழுந்தன. பிறகு இரைச்சல் தடித்தது. நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பாறைக் குழியில் விழுந்து எழும்பி வருகிற வெள்ளை விளிம்பில், ஒரு ஓரமாகச் செம்மண் கோடு ஓடிற்று. அங்கே இருந்த அத்தனை பேரிலும் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாதவன் நான் ஒருவன்தானே.

கத்த வேண்டும். ஓட வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. தொண்டை ஒட்டிக்கொண்டது. கால் என்னுடையதாக இல்லை. காலமெல்லாம் கயிற்றுக்கும் வேட்டிக் கரைக்கும் தாவிக் குதித்த கால், வேண்டிய நேரத்தில் நட்டுவைத்த கம்பம்போல நின்றுவிட்டது. துண்டைப் பிடித்தபடி, வாயைத் திறந்தபடி, அப்படியே நின்றேன். அவள் சாகப்போகிறாள், நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று மட்டும் நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அப்போது அவள் வெளியே வந்தாள். நடந்து வரவில்லை, பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களை ஆளுக்கொரு கையில் இழுத்துக்கொண்டு பாய்ந்து வந்தாள். அவர்கள் போட்ட கூச்சலில் மற்றவர்களும் திமுதிமுவென்று வெளியேறினார்கள். கடைசி ஆள் கரையேறினதும் வெள்ளம் வந்து விழுந்தது. நின்று குளித்த இடமே தெரியவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. துவைக்க வைத்த துணிகள் போயின, ஒரு பித்தளைக் குடம் போயிற்று. ஓரத்தில் நின்ற கம்பத்தோடு என் வீரபத்திரரும் போனார்.

அவள் நடுங்கிக்கொண்டே வந்து என் கையிலிருந்த துண்டை வாங்கினாள்.

மறுநாள் காலையில் தென்காசி முழுக்கக் கதை பரவியிருந்தது. எண்ணெய் தேய்ப்பவர் சொன்ன கதை. சாமி டிராயிங் வாத்தியாருக்குள் இறங்கி, வாத்தியார் சிங்கம்போலக் கர்ஜித்து அத்தனை பெண்களையும் காப்பாற்றினாராம். பிறகு சாமி பலகையோடு வெள்ளத்தில் போய்விட்டாராம். ஹெட்மாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கோபத்தில் இருந்த ஓவர்சியர் வீடு தேடி வந்து, "படம்தான் சரியா வரல. தொண்டை நல்லா வேலை செய்யுது, வே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இல்லை என்று ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் அடுக்களையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன், அந்தச் சோற்றை எனக்குப் பரிமாறுகிறவளே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாலு நாள் சோறு இறங்கவில்லை. பீனிசம் என்றேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம், இலையின் முன்னால் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டேன்.

"நான் அன்னைக்குச் சத்தமே போடல."

"தெரியும்" என்றாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

"வெள்ளம் வாரதை மொதல்ல பாத்தது நான்தான். ஆனா தொண்டை தெறக்கல. கால் வரல. நீ அங்கன செத்துப்போயிருந்தா, நான் வெறுமன நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க சத்தம் போட்டிருந்தா மட்டும்? அந்த எரைச்சல்ல பக்கத்துல நிக்கவ சொல்லுதது கேக்காது. ஒங்க சத்தமா கேக்கப்போவுது? கண்ணுல தண்ணியத் தொடச்சுக்கிட்டு, துண்டோட நிக்கியளான்னு எட்டிப் பாத்தேன். எப்பவும் பாப்பேன். ஒங்க மூஞ்சி தெரிஞ்சுது. கண்ணு ரெண்டும் வெள்ளையா விரிஞ்சு, வாயத் தொறந்துக்கிட்டு மேல பாத்துக்கிட்டு நின்னிய. நானும் மேல பாத்தேன். என்னன்னு ரோசிக்கவே இல்ல. காலு தன்னால வெளிய வந்துட்டு. வெள்ளம்னு எனக்குத் தெரிஞ்சதே கரையேறுன பொறவுதான்."

பிறகு, "சாப்பிடுங்க. ரசம் ஆறுது" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலமே ஒரு தகரத்தை எடுத்தேன். கோரைப்பல் வேண்டாம், மண்டையோடு வேண்டாம். ஒரு மனித முகம் போதும். கோபமான முகம் இல்லை, பயந்த முகம். கோபக்கார முகத்தைக் கண்டால் அவன் யாரை முறைக்கிறான் என்று பார்க்கிறோம். பயந்த முகத்தைக் கண்டால் அவன் எதைப் பார்க்கிறான் என்று நம் கண்ணும் அங்கே போய்விடுகிறது. ஆனால் மாடலுக்கு எங்கே போவது? புறவாசல் சுவரில் சவரக் கண்ணாடியை மாட்டி, நானே பயந்து பார்த்தேன். வாழ்நாளெல்லாம் கேட்காமல் வந்த பயம், கூப்பிட்டால் வரவில்லை. அவள் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டே பார்த்தாள்.

"இது பல்வலி."

மறுபடியும் முயன்றேன்.

"இது ஹெட்மாஸ்டரைக் கண்ட மூஞ்சி."

இன்னொரு தடவை வாயைப் பிளந்தேன்.

"இது பந்தியில பாயசம் தீந்துபோச்சுன்னு கேட்ட மாதிரி இருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தூரிகையை எறியலாமா என்று திரும்பினேன். அவள் கிணற்றுக் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலைத் தூக்கி, உள்பக்கமாகச் சாய்ந்தாள்.

"அசையாதிய" என்றாள். "இதான். அப்படியே கண்ணாடியப் பாருங்க."

பார்த்தேன். புருவம் நடுவில் தூக்கிக்கொண்டிருந்தது. கருவிழியைச் சுற்றி மேலும் கீழும் வெள்ளை. உதடு பின்னால் இழுபட்டிருந்தது. அப்படி ஒரு அவலட்சணத்தை நான் அதுவரை எந்தச் சிலையிலும் பார்க்கவில்லை. கை தானாகக் கோடு போட்டது. அவள் இறங்கி மறுபடி துணி அலசப் போய்விட்டாள். அந்த முகம் மறப்பதற்குள் படத்தை முடித்தேன். கண்ணின் வெள்ளையை மட்டும் நிஜத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். தோளில் ஒரு துண்டையும் போட்டேன்.

ஓவர்சியர் நம்பிக்கையில்லாமல்தான் மாட்டினார். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் பேசிக்கொண்டே வந்தது. முதலில் வந்தவர் பலகையைப் பார்த்தார். பேச்சை நிறுத்தி அண்ணாந்து அருவியின் உச்சியைப் பார்த்தார். பின்னால் வந்தவரும் அப்படியே. ஒருவரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருவரும் மாலை போடவில்லை. குளிக்கிறவர்கள் நடுநடுவே பலகையைத் திரும்பிப் பார்ப்பதும் உச்சியைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். தண்ணீர் கொஞ்சம் நிறம் மாறினாலும் கரையேறினார்கள். ஓவர்சியர் பெருமூச்சு விடாமல் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பின்விளைவும் இருந்தது. முகத்தை மறைக்க எனக்குத் தோன்றவே இல்லை. மூக்கு, காதோர நரை, உதட்டு மரு எல்லாம் அச்சு அசலாக நான்தான். சிங்கம்போலக் கர்ஜித்தவன் என்ற பெயர் ஒரு வாரத்தில் போயிற்று. ரயிலடியில் முன்பின் தெரியாதவர்கள் என்னை உற்றுப்பார்த்து, "இவுக குத்தாலத்துல தொங்குத ஆளுல்லா" என்று காதோடு பேசிக்கொண்டார்கள். வகுப்பில் நான் திரும்பினால் அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள். தென்காசிக் கடைத்தெருவில் ஒருவர் என்னைக் கண்டதும் பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டு அசடு வழிந்தார்.

யுத்தம் ஆரம்பித்த வருஷத்துக்குள் பலகை இரண்டு தடவை துருப்பிடித்து, இரண்டு தடவையும் நானே மறுபடி எழுதினேன். இரண்டாம் முறை எழுதும்போது கொஞ்சம் அழகுபடுத்தலாம் என்று மருவை விட்டுவிட்டேன். அவள் பார்த்துவிட்டு, "மரு எங்க?" என்றாள். வைத்துவிட்டேன்.

அந்தப் புதுப் பலகை மாட்டின பிறகு வந்த முதல் சாரல். வண்டியை விட்டு இறங்கிப் போனோம். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவளுக்கும் தலையில் ஒன்றிரண்டு வெள்ளை தெரிந்தது. குற்றாலத்துக்கு வருகிற அத்தனை பேரும் என் படத்தைப் பார்த்து, மேலே பார்த்து, பயந்து, சீக்கிரம் குளித்து, சீக்கிரம் கரையேறிக்கொண்டிருந்தார்கள். யாருக்காகப் போட்டேனோ அவள் மட்டும் பலகைக்கு முன்னால் நின்று, கண்ணை மூடி, இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள்.

"ஏட்டி" என்றேன், பக்கத்தில் யாருக்கும் கேட்காமல். "அது சாமியில்ல. நான்."

"தெரியும்" என்றாள். "தெரிஞ்சுதான் கும்பிடுதேன்."

துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, முன்னைவிடத் தைரியமாக அருவிக்குள் போனாள். நான் மேலே பார்த்தேன்.